ஒரு மாதம், ஒரு முட்டை

மனித உடலின் செல்களில் மிகப் பெரியது பெண்ணின் கருமுட்டை. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நல்ல வெளிச்சத்தில், கூர்மையான பார்வை உள்ளவருக்கு வெறுங்கண்ணிலேயே ஒரு புள்ளியாகத் தட்டுப்படும். ஆனாலும் அதைக் கண்டுபிடிக்க வெகுகாலம் ஆயிற்று. அதைவிடப் பல மடங்கு சிறிய விந்தணுவை லேவன்ஹூக் 1677-லேயே தன் வில்லையின் கீழ் பார்த்துவிட்டார். பாலூட்டியின் கருமுட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்டது 1827-ல், ஒரு நாயின் சினைப்பையில். இடையில் 150 ஆண்டுகள். அந்தக் காலத்தில் விந்தணுவுக்குள்ளேயே குட்டி மனிதன் சுருண்டு கிடக்கிறான் என்று நம்பிய அறிஞர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பெண் வெறும் நிலம். விளைந்தால் விதையின் பெருமை, விளையாவிட்டால் நிலத்தின் குறை.

அந்தக் கணக்கு நம் வீடுகளில் இன்னும் தீரவில்லை. கோயிலில் மண்சோறு சாப்பிடுவது மனைவி. மரத்தில் தொட்டில் கட்டுவது மனைவி. வளைகாப்புக்குக் கூப்பிடலாமா வேண்டாமா என்று உறவினர்கள் கிசுகிசுப்பதும் அவளைப் பற்றித்தான். கருத்தரிப்பு உள்ளே எப்படி நடக்கிறது என்பதை அடியிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால், இந்தப் பழி எத்தனை அநியாயம் என்று தெரிந்துவிடும். சிகிச்சையால் எது முடியும், எது முடியாது என்பதும் கூடவே விளங்கும்.

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அத்தனையும் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அவளுடைய சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்படையும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளியேறுபவை ஏறக்குறைய 400 மட்டுமே. மற்றவை கர்ப்பமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், மாதாமாதம் கரைந்துகொண்டே இருக்கும்.

எண்ணிக்கை குறைவதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. பிறப்பதற்கு முன்பே ஒவ்வொரு முட்டையும் தன் குரோமோசோம்களைப் பிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுகிறது. அது வெளியேறப்போகும் மாதத்தில்தான் விட்ட வேலை மீண்டும் தொடங்கும். அப்படியென்றால் 38 வயதுப் பெண்ணின் முட்டை 38 ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதிப் பிரிவில் நின்றிருக்கிறது. அத்தனை காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் மெல்லத் தளர்கின்றன. பிரியும்போது ஒன்று கூடுகிறது அல்லது ஒன்று குறைகிறது. இருபதுகளின் பின்பகுதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு கரு இப்படிக் குரோமோசோம் பிசகோடு உருவாகும். நாற்பது வயதில் பாதிக்கும் மேல். அத்தகைய கரு பெரும்பாலும் கருப்பையில் ஒட்டாது, ஒட்டினாலும் கலைந்துவிடும். கருப்பைக்கு வயது அந்த அளவுக்கு உறைப்பதில்லை. 45 வயதுப் பெண்ணுக்கு 25 வயதுப் பெண்ணின் தான முட்டையிலிருந்து உருவான கருவை வைத்தால், வெற்றி வாய்ப்பு முட்டையின் வயதையொட்டியே அமைகிறது.

இனி ஒரு மாதத்தின் கணக்கு. சினைப்பையிலிருந்து வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்ப்போடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே ஒரு மாதத்தில் கருத்தரிக்க ஏற்ற காலம், முட்டை வெளியேறும் நாளையும் சேர்த்து, ஆறே நாட்கள். உறவின்போது வெளிவரும் பல கோடி விந்தணுக்களில் முட்டையின் அருகே போய்ச் சேர்பவை சில நூறு. கருக்குழாயில் இரண்டும் சேர்ந்து கரு உருவான பிறகும், அது நான்கைந்து நாள் பயணம் செய்து கருப்பைக்குள் வந்து ஒட்ட வேண்டும். ஆலன் வில்காக்ஸும் அவருடைய குழுவினரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குழந்தைக்கு முயன்ற பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்துச் சோதித்தார்கள். உண்டான கர்ப்பங்களில் 22 சதவீதம், கர்ப்பம் என்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் கலைந்திருந்தது. அடுத்த மாதவிலக்கு வழக்கம்போல வந்ததாகவே அவர்கள் நினைத்திருப்பார்கள்.

எல்லாம் சரியாக இருக்கும் இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு 20, 25 சதவீதம்தான். தாயம் விளையாடியவர்களுக்கு இது புரியும். முதல் உருட்டிலேயே தாயம் விழுந்து காய் இறக்குகிறவர் உண்டு. சுற்றிச் சுற்றி வந்தும் விழாமல் உட்கார்ந்திருப்பவரும் உண்டு. அவர் கையில் என்ன கோளாறு என்று யாரும் கேட்பதில்லை. நூறு தம்பதிகளில் சுமார் 85 பேருக்கு ஓராண்டுக்குள் கரு தங்கும். மீதிப் பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரண்டாம் ஆண்டில் தங்கும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம், கருத்தடை இல்லாமல் 12 மாதம் முயன்றும் கர்ப்பம் ஆகாவிட்டால் மட்டுமே குழந்தையின்மை என்கிறது. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்தே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கும் உறவுகளுக்கு உடலியலில் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் 35 வயதைத் தாண்டிய பெண் ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது. ஆறு மாதம் போதும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களும், காசநோய் வந்து போனவர்களும், விதைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்களும் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதே நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆணின் தரப்பிலும் காரணம் இருக்கிறது.

இங்கே என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். முதல் நாள், முதல் பரிசோதனையாக, விந்துப் பரிசோதனை நடக்க வேண்டும். அதற்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்துவிட்டு ஒரு டப்பாவில் மாதிரி கொடுத்தால் அன்றைக்கே முடிவு வந்துவிடும். பெண்ணுக்கோ மாதவிலக்கின் குறிப்பிட்ட நாட்களில் ரத்தம், திரும்பத் திரும்ப ஸ்கேன், கருக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே, சில சமயம் லேப்ராஸ்கோப்பி. இவ்வளவையும் அவள் முடித்த பிறகு, "ஒரு சம்பிரதாயத்துக்கு உங்களுக்கும் பார்த்துவிடலாம் தம்பி" என்று கணவனிடம் வருவது தலைகீழ் வரிசை. அவளுடைய முப்பதுகளில் மாதங்கள் இப்படித்தான் வீணாகின்றன.

விந்தணு அறிக்கையைப் படிக்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். 2021-ல் வெளியான உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள், அவற்றில் 42 சதவீதம் அசைபவை என்பது கீழ் எல்லை. சரியான வடிவம் உள்ளவை நான்கு சதவீதம் இருந்தாலே போதும். நூற்றில் 96 பிசகான வடிவம் என்று அறிக்கையில் பார்த்து இடிந்துபோகிற ஆண்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரே அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யவும் கூடாது. ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகிறது. அதற்கிடையில் வந்த கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையை இறக்கிவிடும். புகையிலையை விட்டால் பலன் தெரியவும் அதே அளவு காலம் ஆகும்.

ஜிம்மில் உடம்பு ஏற்றப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை விதைப்பைக்கு அனுப்பும் கட்டளைகளை நிறுத்திவிடுகிறது. விதைப்பை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். தோளும் மார்பும் விரிந்திருக்கும் இளைஞனின் அறிக்கையில் பூஜ்ஜியம் என்று வருவது இதனால்தான். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மீளும். ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும்.

பெண்ணின் தரப்பில் அதிகம் கேள்விப்படுவது பிசிஓஎஸ். நீர்க்கட்டி என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். உண்மையில் அவை பாதி வளர்ந்து நின்றுவிட்ட முட்டைப் பைகள். முட்டை இருக்கிறது, வெளியே வரவில்லை, அவ்வளவுதான். எடை கூடுதலாக இருப்பவர்கள் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. அடுத்த படி மாத்திரை. 2014-ல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் செய்த ஆய்வில், பழைய குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27 சதவீதத்துக்கும் மேல். சில ரூபாய் மாத்திரையில் தீரக்கூடியதற்கு நேரே ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்குப் போக வேண்டியதில்லை. ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனின் அளவு குறைவு என்று சொல்லி அவசரப்படுத்தினாலும் நின்று கேட்க வேண்டும். தூண்டல் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதை அந்த எண் சொல்லும். இயற்கையாகக் கரு தங்குமா என்பதை அது சொல்வதில்லை என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது.

கருக்குழாய் அடைப்பு வேறு ரகம். நம் நாட்டில் அதற்கு ஒரு முக்கியக் காரணம் காசநோய். இருமலோ சளியோ இல்லாமலே கிருமி கருக்குழாய்க்குப் போய் அதைத் தழும்பாக்கிவிடும். முட்டையும் வெளியே வருகிறது, விந்தணுவும் இருக்கிறது, சந்திக்க வழி இல்லை. இந்த அடைப்புதான் ஐவிஎஃப் பிறந்த இடம்.

இங்கிலாந்தில் லெஸ்லி பிரவுன் ஒன்பது ஆண்டுகள் குழந்தைக்காகக் காத்திருந்தவர். இரண்டு குழாய்களும் அடைப்பு. ஓல்டாம் நகரின் மகப்பேறு மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ, கேம்பிரிட்ஜ் உடலியலாளர் ராபர்ட் எட்வர்ட்ஸ், செவிலியராகப் பயின்று ஆய்வகத்துக்கு வந்த ஜீன் பர்டி ஆகிய மூவரும் குழாயையே விட்டுவிட்டு, முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கித் திரும்ப வைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். 1971-ல் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நிதி தர மறுத்தது. 1978 ஜூலை 25 இரவு லெஸ்லிக்கு லூயிஸ் பிறந்தாள், எடை 2.6 கிலோ. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த இரவை. அதற்குப் பின்னால் இருப்பது 1969 முதல் ஓல்டாமுக்கு வந்த 282 பெண்கள். அவர்களில் கரு வைக்கும் கட்டம் வரை வந்தது 112 முறை. கர்ப்பம் ஐந்து. உயிரோடு பிறந்தவை இரண்டு. மீதிப் பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். பலனில்லாமலே தங்கள் உடலைத் தந்தவர்கள் அவர்கள். எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு வந்தபோது ஸ்டெப்டோவும் உயிரோடு இல்லை, ஜீன் பர்டியும் இல்லை. ஜீன் 39 வயதிலேயே 1985-ல் இறந்துவிட்டார். வெகுகாலம் அவர் பெயரைச் சேர்த்துச் சொன்னவர்களும் குறைவு.

லூயிஸ் பிறந்து 70 நாள் கழித்து, 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்திரிகைகள் துர்கா என்று அழைத்தன. சுபாஷ் முகர்ஜி என்ற உடலியல் மருத்துவரும், உறைநிலை உயிரியல் தெரிந்த சுனித் முகர்ஜியும், மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் சேர்ந்து செய்த வேலை அது. ஓல்டாமில் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டைக்காகக் காத்திருந்தார்கள். சுபாஷ் ஹார்மோன் ஊசியால் சினைப்பையைத் தூண்டிப் பல முட்டைகளை எடுத்தார். வயிற்றைத் துளைக்காமல் பிறப்புறுப்பின் வழியாகவே எடுத்தார். ஊசிகளால் நிலைகுலைந்திருக்கும் கருப்பையில் உடனே வைக்காமல், கருவை 53 நாள் உறைய வைத்து, உடல் சமநிலைக்குத் திரும்பிய பிறகு வைத்தார். இன்று உலகெங்கும் ஐவிஎஃப் மையங்களில் நடப்பது பெருமளவு இந்த வரிசைதான். உறைந்த கருவிலிருந்து பிறந்த குழந்தை என்று உலகம் ஏற்றுக்கொண்டதோ 1984-ல், ஆஸ்திரேலியாவில்.

சுபாஷின் கூற்றை ஆராய மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. இனப்பெருக்க அறிவியல் தெரியாதவர்கள் உட்கார்ந்து, நம்பத்தகுந்ததல்ல என்று தீர்ப்பெழுதினார்கள். ஜப்பானில் பேச வந்த அழைப்புக்குப் போக அனுமதி மறுத்தார்கள். கடைசியில் அவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோன்களில் ஊறிய ஒரு ஆராய்ச்சியாளருக்குக் கண் மருத்துவமனையில் என்ன வேலை? 1981 ஜூன் 19 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இந்திரா ஹிந்துஜா, ஆனந்த் குமார் குழுவின் முயற்சியில் பிறந்த குழந்தை இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையாகப் பதிவானது. அதே டி.சி. ஆனந்த் குமார் 1997-ல் கொல்கத்தா போய், சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகளை உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு, முதல் இடம் எனக்குரியதல்ல, அவருக்குரியது என்று அறிவியல் இதழில் எழுதினார். ஆராய்ச்சி உலகில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று.

இன்றைய ஆய்வகத்துக்குள் போவோம். பத்து நாளுக்கு மேல் ஹார்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன், கடைசியில் முட்டையை முதிரச் செய்யும் ஒரு ஊசி. இரவு எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று நிமிடக் கணக்கில் சொல்லியிருப்பார்கள். அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை எடுக்க வேண்டும், தாமதித்தால் தானே வெளியேறிவிடும். மயக்கத்தில் இருக்கும் பெண்ணின் சினைப்பையிலிருந்து ஊசி வழியாக உறிஞ்சிய திரவம் சிறு குழாய்களில் பக்கத்து அறைக்குப் போகும். அங்கே கரு வல்லுநர் அதை வட்டத் தட்டில் ஊற்றி மைக்ராஸ்கோப்பின் கீழ் தேடுவார். முட்டையைச் சுற்றி வழவழப்பான செல்கூட்டம் மேகம்போலப் படர்ந்திருக்கும். அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார். தட்டின் சூடு 37 டிகிரியிலிருந்து இறங்கக் கூடாது. விந்தணு போதுமான அளவு இருந்தால் முட்டையோடு விட்டுவிடலாம். குறைவு என்றால் இக்ஸி. 1992-ல் பிரஸ்ஸல்ஸில் ஜான்பியரோ பலெர்மோவும் சகாக்களும் வெளியிட்ட முறை அது: முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்துவது. மறுநாள் காலை முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் தெரிந்தால் கரு உருவாகிவிட்டது என்று பொருள். மூன்றாம் நாள் எட்டு செல், ஐந்தாம் நாள் நூறு செல் அளவில் உள்ளே வெற்றிடம் விட்ட பந்து.

ஒவ்வொரு படியிலும் உதிர்வு உண்டு. பத்து முட்டை எடுத்தால் எட்டு முதிர்ந்திருக்கலாம், ஆறு கருவாகலாம், ஐந்தாம் நாளைத் தொடுவது மூன்றாக இருக்கலாம். மருத்துவமனையிலிருந்து தினமும் வரும் தொலைபேசியில் எண் இறங்கிக்கொண்டே போவதைக் கேட்டுப் பல பெண்கள் உடைந்துபோகிறார்கள். தங்கள் உடலில் மட்டும் இப்படி நடப்பதாக நினைக்கிறார்கள். எல்லோருடைய உடலிலும், மாதந்தோறும், யாரும் எண்ணாமல் நடக்கிற உதிர்வுதான் இது. ஐவிஎஃப் முட்டையின் தரத்தை உயர்த்துவதில்லை. பல மாதங்களில் ஒவ்வொன்றாக உருட்ட வேண்டியதை ஒரே மாதத்தில் சேர்த்து உருட்டுகிறது. முட்டை பழையதாக இருந்தால் அதற்கு அங்கே மருந்து இல்லை. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பு வெளியிடும் கணக்கில், சொந்த முட்டையிலிருந்து வைக்கப்படும் ஒரு கரு குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 43, 44 வயதில் நூற்றுக்கு ஐந்து போல.

கரு வைத்ததற்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இடைப்பட்ட இரண்டு வாரம்தான் எல்லாவற்றிலும் கொடியது. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதை என்று ஊரில் கேலி செய்வார்கள். அந்த இரண்டு வாரத்தில் இருந்தவர்களுக்கு அது கேலியாகத் தெரியாது. அந்த நாட்களில் படுக்கையை விட்டு எழாதே, மாடிப்படி ஏறாதே, தலைக்குக் குளிக்காதே என்பார்கள். கரு வைத்த பிறகு படுத்தே கிடப்பதால் பலன் இல்லை என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. கருப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும், எழுந்து நின்றால் கரு விழுந்துவிடாது. ஆகவே வேலைக்குப் போனதால்தான் தங்கவில்லை என்று மருமகளை யாரும் சொல்ல இடமில்லை.

கூடுதல் சேவைகளின் பட்டியலையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கரு ஒட்டுவதற்கு உதவும் என்று கருப்பையின் உட்சுவரைச் சுரண்டும் முறை பல நாடுகளில் பரவியது. 2019-ல் 1,300-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த சோதனையில், சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் ஒரே 26 சதவீதம்தான் குழந்தை பிறந்தது. வலி மட்டும் மிச்சம். ஒரு சுற்றுக்கு லட்சத்தைத் தாண்டும் செலவில், நகையை அடகு வைத்து வருகிறவர்களிடம் இப்படிப்பட்டதைச் சேர்த்து விற்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. விளம்பரப் பலகையில் 80 சதவீத வெற்றி என்று பார்த்தால் எதை வெற்றி என்கிறார்கள் என்று கேளுங்கள். ரத்தத்தில் ஹார்மோன் ஏறியதையா, இதயத் துடிப்பு தெரிந்ததையா, குழந்தை கைக்கு வந்ததையா? என் வயதில், ஊசி தொடங்கிய நூறு பெண்களில் எத்தனை பேர் குழந்தையோடு போனார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி மையம் பதிவு பெற்றதா என்பதையும் பாருங்கள். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்ற வயது வரம்பும், ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்கத் தடையும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. எத்தனை சுற்றோடு நிறுத்துவது என்பதைத் தம்பதி முதல் ஊசிக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. தோல்விச் செய்தி வந்த அன்று அதைப் பேச முடியாது.

இப்படிப் பிறக்கும் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல இருக்குமா, அதற்கும் பிள்ளை பிறக்குமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். உலகில் இதுவரை இவ்வழியில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பிறந்திருக்கிறார்கள். லூயிஸின் தங்கை நேட்டலியும் ஐவிஎஃப் வழியே பிறந்தவர். அவர் 1999-ல் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தாயானார், லூயிஸ் 2006-ல். ஒரு விலக்கை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தந்தையின் ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதால் விந்தணு அரிதாக இருந்து, இக்ஸி வழியே மகன் பிறந்தால், அந்தக் குறை மகனுக்கும் போகும். ஆகவே எண்ணிக்கை மிகக் குறைவான ஆண்களுக்குச் சிகிச்சைக்கு முன்பே மரபணுப் பரிசோதனை செய்து, முடிவைக் கணவன், மனைவி இருவரையும் உட்காரவைத்து விளக்குவது மருத்துவரின் கடமை.